உடம்பு மக்கர் செய்யும் காலையில்



நேற்று வரை சொன்னபடி கேட்ட உடம்பு, இன்று பாயில் நின்றதும் முறுக்கிக்கொள்கிறது. குனிந்து பாதத்தைத் தொடப் போனால் தொடைக்குப் பின்னால் சுண்டி இழுக்கிறது. வஜ்ராசனத்தில் உட்கார்ந்தால் கணுக்கால் பொறுக்க மாட்டேன் என்கிறது. முந்தின இரவு பஸ் பயணமாக இருக்கலாம், மாதவிலக்கு நாளாக இருக்கலாம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடிய விடியக் கண் விழித்திருக்கலாம். சில நாள் காரணமே பிடிபடுவதில்லை.

அப்படிப்பட்ட காலையில் 'இன்னிக்கு வேண்டாம்' என்று சிலர் பாயைச் சுருட்டிவிடுகிறார்கள். அந்த ஒரு நாள் மெல்ல ஒரு வாரமாகிறது. வேறு சிலர், நேற்று வந்தது இன்று ஏன் வராது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை மடக்குகிறார்கள். அது இடுப்புப் பிடிப்பில் கொண்டுபோய் விடுகிறது. இரண்டும் வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் ஏறக்குறைய 200. அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றுதான். இருக்கை உறுதியாகவும் இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதே அங்கே முதல் நிபந்தனை. விரல் தரையைத் தொட வேண்டும் என்று அவர் எங்கேயும் கேட்கவில்லை. யோகத்துக்கு வரும் 9 தடைகளை அவர் அடுக்கும்போது நோயைத்தான் முதலில் வைக்கிறார். சோம்பலும் அதே வரிசையில் வருகிறது. உடம்பு மறுக்கும் நாளில் நமக்கு இருக்கும் உண்மையான சிக்கல் இதுதான்: மறுப்பது நோயா, சோம்பலா?

படுக்கையில் கிடந்தபடி யோசித்தால் இதற்கு விடை கிடைக்காது. மல்லாந்து படுத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது இரண்டு கைகளையும் மெதுவாகத் தலைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். மூச்சை விடும்போது பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பத்து முறை போதும். சோம்பல் என்றால் ஐந்தாறு மூச்சிலேயே விலகி, எழுந்து உட்காரத் தோன்றும். உடம்புக்கு நிஜமாகவே முடியவில்லை என்றால் பத்தாவது மூச்சிலும் அசதி அப்படியே இருக்கும், சிலருக்குக் கூடவும் செய்யும். அன்றைக்கு அந்தப் பத்து மூச்சுதான் பயிற்சி. அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை.

விடிகாலையில் முதுகு விறைப்பாக இருப்பதற்குச் சாதாரணமான காரணமும் ஒன்று உண்டு. நாம் படுத்திருக்கும்போது முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்துக்கொள்கின்றன. மாலையைவிடக் காலையில் நாம் கொஞ்சம் உயரமாக இருப்பதும் அதனால்தான். எழுந்த கையோடு முன்னால் குனிந்தால் அந்த வட்டுகளின் மேல் அழுத்தம் கூடுகிறது. கொஞ்சம் நடமாடிய பிறகு, முழங்காலைச் சற்றே மடக்கி வைத்துக்கொண்டு குனிவது நல்லது. வயது ஏற ஏற இது இன்னும் அவசியமாகிறது.

ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தை மாற்றலாம் என்பதை ஊன்றிச் சொன்ன ஒருவர் நம் சென்னையில்தான் வாழ்ந்தார். திருமலை கிருஷ்ணமாச்சாரியார், 1888-இல் பிறந்தவர். மைசூர் அரண்மனை யோகசாலையில் சிறுவர்களுக்குக் கடினமான ஆசனங்களை விறுவிறுப்பாகக் கற்பித்த அதே மனிதர், பிற்காலத்தில் சென்னையில் நோயாளிகளையும் முதியவர்களையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து, நாடி பார்த்து, மூச்சைக் கவனித்து, அவரவருக்கென்று பயிற்சி வகுத்தார். தொண்ணூற்றாறு வயதில் அவருடைய இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்றவர், படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்கென்று அமைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சையை மறுத்ததை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. படுத்த படுக்கையிலும் பயிற்சியை அவர் விடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நூறு வயதைக் கடந்து 1989-இல் மறைந்தார்.

அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார் சிறு வயதில் நோஞ்சானாக இருந்தவர். கயிறு, மரக்கட்டை, திண்டு, நாற்காலி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஆசனத்துக்குத் துணையாக்கியவர் அவர். நாற்காலியில் உட்கார்ந்து செய்வது யோகமா என்று யாராவது கேட்டால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். சிக்குன்குனியா வந்து போனதிலிருந்து சில காலைகளில் அவருக்கு விரல்களை மடக்கவே வராது. அந்த நாட்களில் பாயை எடுக்க மாட்டார். கை இல்லாத மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சோடு கைகளை உயர்த்தி இறக்குவார். வலது கை தோள் உயரத்தோடு நின்றுவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வார். "மூச்சு திக்குச்சுன்னா அதுதாம்ப்பா எல்லை. அதுக்கு மேல போனா நாளைக்கும் உட்கார முடியாது" என்பார். அவருடைய அளவுகோல் மூச்சு ஒன்றுதான். இழுப்பதும் விடுவதும் சீராக இருக்கும் வரை செய்வார், திணறினால் ஒரு படி இறங்குவார். அதைவிட நல்ல அளவுகோலை நான் பார்த்ததில்லை.

காய்ச்சல், நெஞ்சு வலி, தலைசுற்றல், மூட்டு வீக்கம், கைகால் மரத்துப்போவது இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கு ஆசனம் வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள்.

யோகா வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருபது பேர் வரிசையாக நிற்கும் இடத்தில், தன்னால் இன்று முடியவில்லை என்று சொல்லப் பலருக்கும் கூச்சம். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து இழுத்துப் பிடித்துச் செய்துவிட்டு, மூன்று நாள் வலியோடு திண்டாடுகிறார்கள். அதனால் வகுப்பைத் தொடங்கும் முன், "இன்னிக்கு யாருக்கு என்ன செய்யுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கை தூக்குகிறவர்களுக்கு ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுங்கள்.