விழாவும் கணக்கும்

மனிதன் ஒருவன் நூறு ஆண்டு வாழ்ந்தால் வியக்கிறோம். கலாசாலை ஒன்று நூறு ஆண்டு வாழ்ந்தால் விழா எடுக்கிறோம். விழா எடுப்பவர் தாம் கொண்டாடுவது யாது என்று தம்மையே கேட்டுக்கொள்வது முறையாகும். வயது ஒன்றே பெருமை தருமாயின், நம் சமூகத்திலே சாதி வேற்றுமையைக் காட்டிலும் வயது முதிர்ந்தது வேறு என்ன இருக்கிறது? மூடப் பழக்கம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் விழா எடுத்துத் தீரவேண்டியதுதான்! ஆகையால் வயதைக் கொண்டாடுவதில் பொருளில்லை. அந்த வயதிற்குள் நடந்தவற்றுள் எதனைக் கொண்டாடுகிறோம், எதனை மறைக்கிறோம் என்பதே ஆராயத்தக்கது.

இவ்வெண்ணம் எனக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. சிதம்பரத்தை அடுத்துள்ள அண்ணாமலைச் சர்வகலாசாலைக்கு வருகிற 2029ஆம் ஆண்டில் நூறு வயது நிறைகிறது. யான் அங்கே பயின்றவனல்லன். இந்நாட்டு ஆங்கிலப் பள்ளியிலே படித்து, ஒரு தோட்டத்தில் கிராணியாகக் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆயினும் தமிழ் படித்தவர் எவரும் அந்தச் சர்வகலாசாலையைத் தமக்கு அந்நியமென்று கூறார். விழாவுக்கு ஆயத்தம் செய்கிற காலமே இத்தகைய கேள்விகளைக் கேட்பதற்குரிய காலம். பந்தல் போட்ட பிறகு கேட்பவனை யாரும் விரும்பமாட்டார்கள்.

கணக்கெழுதுவோன் முதலில் தேதியைப் பார்ப்பான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கலாசாலையைத் தொடங்கியது 1920இல். அக்கலாசாலைகளோடு இருபது இலட்சம் ரூபாயையும் அவர் அளிக்க முன்வர, அதன்மேல் சட்டம் இயற்றப்பெற்று, 1929இல் சர்வகலாசாலை பிறந்தது. 1920இலிருந்து எண்ணினால் நூற்றாண்டு எப்பொழுதோ முடிந்துவிட்டது. இதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உவமை உண்டு. சிங்கப்பூரில் 1905ஆம் ஆண்டு இருபத்துமூன்று மாணாக்கருடன் ஒரு வைத்தியப் பள்ளி தொடங்கிற்று. தான் ஜியாக் கிம் என்னும் சீனப் பெரியார் முன்னின்று திரட்டிய எண்பத்தேழாயிரம் வெள்ளிக்கு மேற்பட்ட பொருளே அதற்கு அடிப்படை. அந்த ஒரு பள்ளியைத் தம் மூலமாகக் கொண்டு, கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் ஆகிய இரண்டுமே 2005ஆம் ஆண்டில் நூற்றாண்டு கொண்டாடின. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பது கொண்டாடுவோரின் விருப்பத்தைப் பொறுத்தது என்பது இதனால் விளங்கும். தொடக்கத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உடையவர்கள், நடுவிலே நடந்தவற்றையும் தம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளத் துணிவது எளிது. அபாயம் அங்கேதான் இருக்கிறது.

அண்ணாமலைச் சர்வகலாசாலையின் வரவுப் பக்கம் செழிப்பானது. அங்கே தமிழ்ப் பேராசிரியராய் இருந்தவருள் ஒருவர் ஈழத்து விபுலானந்த அடிகள். பிற்காலத்தில் யாழ் நூலை ஆக்கியவர். சோமசுந்தர பாரதியார் அத்துறைக்குத் தலைமை வகித்தார். 1941இல் தமிழிசைக்கென மாநாடு கூடியதும் அந்நகரிலேயே. தமிழ்நாட்டு மேடையிலே தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லாதிருந்த இழிவைத் துடைக்க எழுந்த அந்த இயக்கத்துக்கும் செட்டியாரே பொருளுதவி புரிந்தார். இவற்றைக் கொண்டாடாதவன் நன்றி கொன்றவனாவான்.

பற்றுப் பக்கமும் உண்டு. 1965ஆம் ஆண்டு ஜனவரி 27இல், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது, அங்கே பயின்ற இராசேந்திரன் என்னும் மாணவர் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அவருக்குச் சிலை உண்டு. ஆதலின் அது மறக்கப்படவில்லை என்று சொல்லலாம். 2012இல் நேர்ந்ததற்கோ சிலையில்லை. அவ்வாண்டில் கடும் பணமுடையால் ஊழியரின் ஊதியத்துக்கே பங்கம் வரும் நிலை உண்டாயிற்று, ஊழியர் கிளர்ந்தெழுந்தனர். 2013இல் தமிழ்நாட்டு அரசாங்கம் தனிச் சட்டம் செய்து நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. தேவைக்கு மேற்பட்டிருந்த ஊழியர் ஆயிரக்கணக்கில் வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். நூற்றாண்டு மலரிலே இதற்கு எத்தனை பக்கம் ஒதுக்குவார்கள்?

வரவிலும் பற்றிலும் சேராத மூன்றாவது கணக்கு ஒன்றும் உளது. கொடுத்தவரின் பொருள் எங்கிருந்து வந்தது என்பதே அது. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திப் பொருளீட்டியவர்கள். அவர்கள் கடன் கொடுத்திராவிட்டால் பர்மாவின் வயல்கள் பல காடாகவே கிடந்திருக்கும். 1930களில் நெல் விலை வீழ்ந்தபொழுது, கீழ்ப்பர்மாவின் முக்கிய ஜில்லாக்களில் நாலிலொரு பங்கு நிலம் கடனுக்கு ஈடாக அவர்கள் கைக்கு வந்து சேர்ந்ததும் உண்மையே. அந்நிலத்தை உழுதவன் எதையும் தானமாகக் கொடுக்கவில்லை. அவன் கட்டியது வட்டி. ஆயினும் லேவாதேவியால் திரண்ட செல்வத்திலிருந்து அறம் பிறக்குமிடத்து, அவன் வியர்வையும் அதிற் கலந்திருக்கிறது. கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. கட்டியவன் பெயர் எங்கே?

இங்கே ஒரு தடை எழும். "விழா என்பது நன்றி கூறும் நாள். கல்யாண வீட்டிலே கடன் பத்திரத்தை விரிப்பது பண்பாகுமா? செல்வமெல்லாம் எங்கிருந்தோ வந்ததுதான். மூலத்தைத் துருவினால் எந்த அறமும் நிற்காது. மேலும், பொருளுடையார் எத்தனையோ பேர் கோபுரத்துக்குப் பொன் வேய்ந்துகொண்டிருந்த காலத்திலே கல்விக்குக் கொடுத்தாரே, அது போதாதா?" என்பர். இத்தடை வலியது. யானும் நெடுநாள் இக்கட்சியிலேயே இருந்தேன். என்னை அதிலிருந்து விலக்கியது ஒரு நூலன்று. என் கையாலேயே செய்த ஒரு பிழை.

சில ஆண்டுகளுக்கு முன், யான் வேலை பார்த்த தோட்டத்திலும் ஓர் ஆண்டு நிறைவு விழா நடந்தது. வெளியூரிலிருந்து பெரிய மனிதர் வருவதாக இருந்தது. ஆபீசைத் துப்புரவு செய்யும் பொறுப்பு என்னுடையது. பின்கட்டு அறையில் பழைய செக்ரோல் புத்தகங்கள் கரையான் அரித்துக் கிடந்தன. பெரட்டில் நின்றவர் பெயரெல்லாம் நாள்தோறும் குறித்த புத்தகங்கள் அவை. எரித்துவிடச் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை கட்டி, விழா சிறப்பாக நடந்தேறியது.

மூன்று மாதம் கழிந்து ஒரு மூதாட்டி வந்தார். அங்கேயே பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, முதுமையிலும் சிவப்பு அடையாளக் கார்டுடன் இருப்பவர். குடியுரிமைக்கு மனுப் போட, சுதந்திரத்துக்கு முன்பே தம் தகப்பனார் இத்தோட்டத்தில் இருந்தார் என்பதற்கு ஏதேனும் ஒரு சான்று வேண்டுமாம்.

"கிராணி ஐயா, எங்கப்பா பேரு அந்தப் பழைய புஸ்தகத்துல இருக்கும். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"இல்லை பாட்டி, கரையான் அரித்துவிட்டது" என்றேன். பாதி உண்மை அது. மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "சரிங்க ஐயா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. விழாவுக்காக மறைப்பதிலே தீங்கில்லை என்பவன், மறைக்கப்பட்டவனுக்கு அதனால் வரும் நஷ்டத்தை எண்ணிப் பார்த்தவனல்லன். பெயர் எழுதிய ஏடு பெரிய மனிதருக்கு அலங்காரம். அவருக்கு அது இல்லாவிடினும் வேறு நூறு சான்று உண்டு. ஏழைக்கோ அந்த ஓர் ஏடே எல்லாம். ஆகவே நினைவு என்பதும் நீதியில் சேர்ந்தது; உண்டிபோல், கூலிபோல், அதையும் ஒருவனுக்குக் கொடுக்கலாம், ஒருவனிடமிருந்து பறிக்கவும் செய்யலாம்.

இனி அந்தத் தடைக்கு விடை கூறுவேன். மூலத்தைத் துருவினால் அறம் நிற்காது என்பது தவறு. அண்ணாமலைச் செட்டியாரின் கொடை, உழவனின் பெயரையும் பக்கத்தில் எழுதுவதனால் ஓர் அணுவும் குறையாது. குறையுமென்று அஞ்சுகிறவர்தாம் அக்கொடையை ஐயுறுகிறார்கள். செட்டிமார் கடைகளில் ஐந்தொகை எழுதும் வழக்கம் உண்டு. இலாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை விடுத்த ஐந்தொகையை எந்த முதலாளியும் ஏற்பதில்லை. அந்தக் கண்டிப்பினாலேயே அவர்கள் செழித்தார்கள். அவர்கள் பொருளால் எழுந்த கலாசாலை தன் நூறு ஆண்டின் ஐந்தொகையை அதே கண்டிப்போடு எழுதுவதே நிறுவியவருக்குச் செய்யும் சிறந்த மரியாதை.

மலரிலே துணைவேந்தர் படங்கள் வரட்டும். விடுதியில் சோறு வடித்தவர், கட்டடத்துக்குக் கல் சுமந்தவர், 2013க்குப் பின் வேற்றூருக்கு அனுப்பப்பட்ட எழுத்தர் ஆகியோர் பெயர்களும் கிடைத்தமட்டும் வரட்டும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்திலே தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, ஆளுக்கு ஒரு வெள்ளியாகக் கொடுத்தவருள் நம் தொழிலாளரும் இருந்தனர். ஒரு வெள்ளியும் கொடைதான் என்பதை இந்நாட்டுத் தமிழர் அறிவர்.

அந்த மூதாட்டியின் மனு இன்னும் முடிவாகவில்லை. பழைய ஆட்கள் சிலரைத் தேடிப் பிடித்து, அவர் தகப்பனாரைத் தாங்கள் அறிந்ததாகச் சாட்சி எழுதி வாங்கி வருகிறேன். ஒரு பக்கத்தை எரிக்க ஒரு நிமிஷம் போதியதாயிருந்தது. அதைத் திரும்ப எழுத இரண்டு ஆண்டாகியும் முடியவில்லை. விழா எடுக்க விரும்பும் பெரியோர் இதனைச் சிறிது சிந்திப்பாராக.