மன்னன் குற்றமும் குடிகளின் பொறுமையும்

ஆங்கில மகாகவி ஷேக்ஸ்பியர் 1606ஆம் ஆண்டளவில் இயற்றிய 'மாக்பெத்' என்னும் துன்பியல் நாடகத்தைப் பற்றிப் பேசுவோர், பெரும்பாலும் மூன்று சூனியக்காரிகளையும், உறக்கத்தில் எழுந்து நடந்து கை கழுவும் சீமாட்டியையுமே எடுத்துப் பேசுவர். நாம் எடுத்துக்கொள்வதோ, நான்காம் அங்கத்தின் மூன்றாம் காட்சியாகும். மேடையில் நடிப்போர் நீளம் கருதி வெட்டிக் குறைக்கும் காட்சி இது. ஆயினும், நல்லரசன் யார், கொடுங்கோலன் யார் என்ற வினாவை நாடகம் நேர்முகமாக எழுப்புவது இவ்விடத்திலேதான்.

கதை இது: தன் வீட்டிற்கு விருந்தாளியாக வந்த ஸ்காத்லாந்து மன்னன் டங்கனை, உறங்கும்போது கொன்று முடிசூடிக்கொண்டான் மாக்பெத். டங்கனின் மூத்த மகன் மால்கம் இங்கிலாந்துக்கு ஓடித் தஞ்சம் புகுந்தான். அவனை அழைத்துச் சென்று அரசு கட்டிலேற்ற வேண்டி, மாக்டப் என்னும் பிரபு அங்கு வருகிறான். மால்கம் அவனை உடனே நம்பினானில்லை. நம்பாமைக்குக் காரணமும் உண்டு. பிரபுக்களின் வீடுதோறும் கூலி கொடுத்து ஓர் ஒற்றனை வைத்திருப்பவன் மாக்பெத். வந்தவனோ, மனைவி மக்களைக் கொடியவன் கைக்கெட்டும் இடத்தில் விட்டுத் தனியே வந்திருக்கிறான். ஆகவே மால்கம் ஒரு சோதனை செய்கிறான். தன்னை மாக்பெத்தினும் கொடியவனாக வருணித்துக் கொள்கிறான்.

முதலில், தன் காமத்திற்கு எல்லையில்லை என்கிறான். நாட்டின் மனைவியரும் மகளிரும் போதார் என்கிறான். மாக்டப் திடுக்கிடுகிறான், இக்குற்றத்தால் பல மன்னர் முடியிழந்தனர் என்பதையும் ஒப்புகிறான். ஆனால் அடுத்த மூச்சிலே, இணங்கும் பெண்கள் நம் நாட்டில் வேண்டிய மட்டும் உண்டு, மறைவாக நடத்திக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்கிறான்! அடுத்து மால்கம், தான் பேராசைக்காரன், பிரபுக்களின் நிலத்தையும் நகையையும் பறிப்பேன் என்கிறான். அது காமத்தினும் ஆழமாக வேரோடும் தீமை என்று மாக்டப் அறிவான். என்றாலும், ஸ்காத்லாந்தில் செல்வம் நிறைய இருக்கிறது, வேறு நற்குணங்கள் இருந்தால் இதையும் தாங்கலாம் என்கிறான்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். எவருடைய பெண்கள்? எவருடைய செல்வம்? பேரம் பேசுகிறவன் ஒரு பிரபு. கொடுக்கப்பட இருப்பவரை எவரும் கேட்கவில்லை. மாக்டப் தீயவன் அல்லன். நாடகத்திலேயே அவனினும் நேர்மையானவரைக் காண்பது அரிது. அத்தகைய ஒருவனே, ஒரு கொடுங்கோலனை ஒழிக்கும் அவசரத்தில், இன்னொரு கொடுங்கோலுக்கு வேண்டிய முதற்பொருளை முன்கூட்டியே எடை போட்டுத் தருகிறான். நம் மனத்தை உறுத்துவது இதுவே.

பின்னர் மால்கம், நீதி, வாய்மை, அடக்கம் முதலாக அரசனுக்குரிய பன்னிரண்டு குணங்களைச் சொல்லி, அவற்றில் ஒன்றும் தன்னிடம் இல்லை என்கிறான். அப்போதுதான் மாக்டப் பொறுக்கமாட்டாமல், இவன் ஆளவும் தகான், வாழவும் தகான் என்று கதறுகிறான். உடனே மால்கம் சொன்னதனைத்தையும் திரும்பப் பெற்று, தன் வாழ்நாளில் தான் பேசிய முதற்பொய் இதுவே என்கிறான்.

இக்காட்சியின் மூலம் ஹாலின்ஷெட் என்பவரின் வரலாற்று நூல். அதன் 1587ஆம் ஆண்டுப் பதிப்பையே ஷேக்ஸ்பியர் பயன்படுத்தினார். அந்நூலிலும் காமம், பேராசை என்ற இரண்டையும் மாக்டப் பொறுக்கிறான்; பொறுக்காத மூன்றாவது குற்றம் பொய்யும் வஞ்சகமும் ஆகும். கவி அதை மாற்றியது ஏன்? சோதனையே ஒரு வஞ்சகமாயிருக்கையில், வஞ்சகத்தைப் பொறுக்கலாகாது என்று சொல்ல வைப்பது சங்கடமாய் இருந்திருக்கலாம். இது நமது ஊகமே. அதே நூலில் டங்கன் குற்றவாளிகளைத் தண்டிக்கத் தயங்கும் மெல்லியன். மாக்பெத்தோ முதற் பத்தாண்டுகள் நல்ல சட்டங்கள் இயற்றி ஆண்டவன். 1040 முதல் 1057 வரை ஆண்ட சரித்திர மாக்பெத், 1050இல் ரோமாபுரிக்கு யாத்திரை சென்று ஏழைகளுக்குப் பொருள் வாரி இறைத்தானாம்! நாடகம் அவ்வாண்டுகளை விழுங்கிவிட்டது. ஸ்காத்லாந்திலிருந்து வந்து 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ், டங்கன் வழியில் வந்தவர் என்பதையும் மறத்தலாகாது.

மாக்பெத்துக்கு எதிரே நிறுத்தப்படும் நல்லரசன் இங்கிலாந்தின் எட்வர்டு. கண்டமாலை நோயாளிகளைத் தொட்டுக் கழுத்தில் பொற்காசு அணிவித்துக் குணப்படுத்துகிறானாம். இந்நம்பிக்கை நெடுநாள் நீடித்தது. 1712இல் குழந்தை சாமுவேல் ஜான்சனையும் ஆன் அரசியிடம் கொண்டுபோய்த் தொடுவித்தனர்; நோய் தீரவில்லை. அரசனது கைக்கு மருந்தின் ஆற்றலை ஏற்றிய அதே காட்சியில், அரசனது குற்றத்துக்கு அளவுகோல் தேடும் பேரமும் நடப்பது விந்தையே.

மால்கம் உண்மையை வெளியிட்ட பிறகு மாக்டப் பேச்சற்று நிற்கிறான். இன்பமும் துன்பமும் ஒருங்கே வந்தால் அவற்றை இணைப்பது அரிது என்று மட்டும் சொல்கிறான். சிறிது பொழுதில் ராஸ் என்னும் பிரபு ஸ்காத்லாந்திலிருந்து வருகிறான். மாக்டப்பின் கோட்டை தாக்கப்பட்டது. உள்ளே இருந்தவர் அனைவரும் வெட்டுண்டனர். ஊரார் வீட்டுப் பெண்களைக் கணக்கிட்டுச் சொன்னவன், இப்போது தன் வீட்டாரைக் கணக்கிடுகிறான். மனைவியுமா, குழந்தைகள் எல்லோருமா என்று, பதில் கிடைத்த பின்பும், அவன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.