கலை பிறந்த மண்ணைத் தேடி

ஆழ்வார்பேட்டையில் நாம் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில், வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு இருபது பிள்ளைகள் கூடுவார்கள். வெள்ளை உடை, இடையில் வண்ணப் பட்டை, வெறுங்கால். ஜப்பானிய மொழியில் எண் சொல்லிக் குத்தும் உதையும் பழகும் அவர்களுடைய குரல் கேட்டுத்தான் நம் தெருவில் பலர் கண் விழிக்கிறார்கள். கற்றுக்கொடுப்பவர் இருபத்தொன்பது வயது இளைஞர். பகலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். தந்தை இல்லை. தாய்க்குச் சர்க்கரை நோய். பார்வையும் மங்கி வருகிறது. தங்கை கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

ஒரு மாலை அவர் நம்மைத் தேடி வந்தார். ஆறு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. தாம் பயிலும் கோஜு ரியூ கராத்தே பிறந்த ஒக்கினாவாத் தீவுக்குச் சென்று ஓராண்டு தங்கிக் கற்க வேண்டும் என்பது அவர் ஆசை. “போகலாமா, சார்?” என்று கேட்டார். நாம் சிறிதும் தயங்காமல், “அம்மாவை நினைத்துப் பாருங்கள், தம்பி. அதற்காகக் கடல் கடந்து போக வேண்டுமா? நம் ஊரில் சிலம்பம் இல்லையா?” என்று கூறிவிட்டோம். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “மாடி வீட்டுப் பையன் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனப்ப நீங்கதானே சார் மாலை போட்டு அனுப்பினீங்க. அவங்க அம்மாவுக்கும் சர்க்கரைதான்.”

அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. அவர் வணங்கிவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு முதல் இக்கேள்வி நம்மை விட்டபாடில்லை. ஆகவே வாசக அன்பர்களோடு அதனை எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

முதலில் நாம் உதிர்த்த சிலம்பப் பேச்சை எடுத்துக்கொள்வோம். அது நேர்மையற்ற பேச்சு. நாம் சிலம்பம் பயின்றதில்லை. நம் பிள்ளைகளைப் பயில அனுப்பியதும் இல்லை. 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது, செய்தித்தாளில் படித்துப் பெருமைப்பட்டதோடு நம் பங்கு முடிந்தது. பிறர் ஆசையைத் தடுக்க மட்டும் நம் மரபு நமக்கு நினைவுக்கு வருகிறதென்றால், அந்த நினைவுக்கு மரபுப்பற்று என்று பெயரிட முடியாது.

நம் தெருவில் இன்னொரு பேச்சும் உண்டு. “கராத்தேயே காஞ்சிபுரத்திலிருந்து போனதுதானே! போதிதருமர் கொண்டுபோனதை நாம் ஏன் அங்கே போய்க் கற்க வேண்டும்?” என்பார்கள். 2011-இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்திற்குப் பின் இப்பேச்சு வலுத்துவிட்டது. வரலாறு இவ்வளவு எளிதாக நமக்குச் சான்று சொல்வதில்லை. 547-ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட சீனக் குறிப்பு ஒன்று போதிதருமரைப் பாரசீகர் என்கிறது. மற்றொரு பழங்குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. அவரைச் சண்டைக் கலையோடும் உடற்பயிற்சியோடும் இணைக்கும் கதையோ 1624-ஆம் ஆண்டினது எனப்படும் ஒரு நூலின் வழியே பரவியது. அதன் நம்பகமின்மையைச் சீன ஆய்வாளர் டாங் ஹாவ் 1930-களிலேயே எடுத்துக்காட்டிவிட்டார். அக்கதை முழுதும் உண்மை என்றே கொண்டாலும் என்ன? விதை ஓரிடத்தில் கிடைத்திருக்கலாம். ஆயிரம் ஆண்டுகள் நீர் ஊற்றியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். சாந்தோமில் தோமையாரின் கல்லறையருகே மண்டியிடும் நாமே கடல் கடந்து வந்த ஒன்றை நம்முடையதாகக் கொண்டவர்கள் அல்லவா? தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி ஆமா சாமி, ஜென் தியானம் பயிலக் காமாகுராவுக்குச் சென்று யமதா கோவுன் என்ற ஆசானிடம் அமர்ந்தார். 1982-இல் கற்பிக்கும் உரிமை பெற்றார். 1996-இல் கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் போதி ஜென்தோவை நிறுவினார். போதிதருமர் நம்மவர் என்ற வாதத்தை வைத்துக்கொண்டு அவர் வீட்டிலேயே இருந்துவிடவில்லை.

இனி, ‘பிறந்த மண்’ என்பதுதான் எது? ஒக்கினாவாவின் கதையே இக்கேள்விக்குச் சுவையான விடை தருகிறது. நம் இளைஞர் செல்ல விரும்பும் அத்தீவிலிருந்து, சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், ஓர் இளைஞர் இதே ஏக்கத்தோடு வேறொரு மண்ணுக்குக் கப்பலேறினார். நாகா நகரத்து ஹிகாவோன்னா கான்ரியோ என்பது அவர் பெயர். 1853-இல் பிறந்தவர். 1870-களில் சீனத்தின் ஃபூசோ நகருக்குச் சென்று, அங்கே ஓர் ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் பணிவிடை செய்து கற்றுத் திரும்பினார் என்பது அவர்களுடைய மரபுவழிச் செய்தி. அவருடைய மாணவர் மியாகி சோஜுன், ஆசான் மறைந்த காலத்தையொட்டி 1915-இல் தாமும் ஃபூசோவுக்குச் சென்று, ஆசானின் ஆசானைத் தேடினார். அவர் அப்போது உயிருடன் இல்லை என்பர். கோஜு ரியூ என்ற பெயரை இம்முறைக்குத் தந்தவர் இந்த மியாகியே. வன்மையும் மென்மையும் என்பது அதன் பொருள்.

அக்காலத்தில் இக்கலையின் பெயரையே ‘சீனக் கை’ என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதினார்கள். 1936 அக்டோபர் 25-ஆம் நாள் நாகாவில் ஆசான்கள் கூடிப் பேசி, அதே ஒலியுடைய வேறோர் எழுத்தை வைத்து ‘வெறுங்கை’ என்று எழுதுவதை ஏற்றார்கள். ஜப்பான் சீனத்தோடு முழுப்போருக்கு நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நாளையே இன்று கராத்தே நாள் என்று ஒக்கினாவா கொண்டாடுகிறது. ‘வெறுமை’ என்ற சொல்லுக்கு உயர்ந்த மெய்ப்பொருள் விளக்கங்கள் உண்டு. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் கற்ற இடத்தின் பெயர் அரசியல் காற்றில் அடித்துச் செல்லப்பட்டதையும் மறைக்க முடியாது. அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்குள் அத்தீவு போர்க்களமாயிற்று. 1945-இல் அங்கு நடந்த போரில் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டனர் எனப்படுகிறது. மியாகி தம் பிள்ளைகளையும், தம் கலைக்கு வாரிசாவார் என்று நம்பியிருந்த சின்சாத்தோ என்ற மாணவரையும் இழந்தார். ஆக, நம் இளைஞர் தேடிச் செல்லும் ஊற்றுக்கண் இன்னோர் ஊற்றிலிருந்து வந்தது, இரத்தத்தாலும் கலங்கியது.

ஊற்றைத் தேடிப் போனவனை அதற்கும் அப்பாலுள்ள ஊற்று அழைப்பது புதிதன்று. நம் சவேரியாரை நினைத்துக்கொள்ளலாம். 1545-இல் ஏறத்தாழ நான்கு மாதம் சாந்தோமில் தங்கி வேண்டிய பிறகே அவர் மலாக்காவுக்குப் புறப்பட்டார். 1549 ஆகஸ்டு 15-இல் ககோஷிமாவில் இறங்கினார். ஜப்பானியரோ அறிவு என்றால் சீனத்தையே நோக்கினர். எனவே சீனத்துக்கே சென்றுவிட எண்ணினார். 1552 டிசம்பர் 3-இல் அதன் வாயிலிலுள்ள தீவொன்றில் உயிர் நீத்தார்.

சரி, மண் என்பது இவ்வாறு நழுவிக்கொண்டே போகுமானால், போவதில் பயன் என்ன? நூல்கள் இருக்கின்றன; ஒளிப்படப் பதிவுகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. இதற்கு விடை காண நாம் ஒக்கினாவாவுக்குப் போக வேண்டியதில்லை, டி.டி.கே. சாலைக்கு நடந்தால் போதும். மார்கழி வந்தால், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நாரத கான சபையிலும் மியூசிக் அகாடமியிலும் வந்து அமர்கிறார்கள். அவர்களுக்கு முன்பே, 1960-களில், ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர் டி. விஸ்வநாதனின் மாணவராகச் சென்னையில் தங்கிப் பயின்று ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று போற்றப்பட்டார். வேறொருவர்க்கு நம் ஊரே ‘பிறந்த மண்’. ஆகவே விருந்தோம்புகிறவரின் பக்கத்திலிருந்து நாம் இதை அறிவோம். ஆழ்வார்பேட்டையின் காற்றில் ராகம் கலந்திருக்கவில்லை. ஆட்டோவின் புகைதான் கலந்திருக்கிறது. நம் வீடுகளில் பாதிப் பேருக்குத் தோடிக்கும் பைரவிக்கும் வேறுபாடு தெரியாது.

ஆயினும் இங்கே ஒன்று உண்டு. பாடத் தெரியாத ஒரு முதியவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்து தொடையில் தாளம் போடுகிறார். பாடகர் ஓரிடத்தில் அவசரப்பட்டால் அவர் கை நின்றுவிடுகிறது. அந்தக் கை நின்றதை ஒலிநாடா ஹிக்கின்ஸுக்குச் சொல்லியிருக்காது. ஆசான் ஒருவரைக் கப்பலிலோ விமானத்திலோ அழைத்து வந்துவிடலாம். அவரைச் சூழ்ந்திருக்கும், அவரையே திருத்தும் ஊரை அழைத்து வர இயலாது. அதுவே பிறந்த மண் தருவது என்று நமக்குத் தோன்றுகிறது. ஃபிலிப் ஸாரில்லி என்ற அமெரிக்கர் 1976-இல் திருவனந்தபுரம் சி.வி.என். களரிக்கு வந்து, கோவிந்தன்குட்டி நாயரிடம் களரிப்பயிற்றுக் கற்கத் தொடங்கினார். அவருக்கு ஆசானின் பீடம் வழங்கப்பட்டது 1988-இல். இடையிலே பன்னிரண்டு ஆண்டுகள். மந்திரம் ஒன்றைக் காதில் ஓத இத்தனை காலம் தேவைப்படாது. பார்க்கவும் பார்க்கப்படவுமே தேவைப்பட்டிருக்கும்.

ஆனால் பார்க்கப்பட்டவர் எல்லாரும் நல்லவராகிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மானிய மெய்யியலாளர் ஓய்கன் ஹெரிகல் 1924 முதல் 1929 வரை செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபடியே, ஆவா கென்சோ என்ற ஆசானிடம் வில்வித்தை பயின்றார். 1948-இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் பலரைக் கிழக்கு நோக்கிப் பயணம் செய்யத் தூண்டியது. அம்பை எய்பவன் தான் அல்லன், ‘அது’ எய்கிறது என்ற நிலையை அந்நூல் பேசுகிறது. ஆசான் சொன்னதை அவர் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர் யமதா ஷோஜி பிற்காலத்தில் காரணங்களோடு எழுதினார். அது மொழியின் பிழை, மன்னிக்கலாம். ‘தான்’ அற்ற நிலையைக் கற்றுத் திரும்பியவர் 1937-இல் நாஜிக் கட்சியில் உறுப்பினராகச் சேர்ந்தார் என்பதை என்னென்பது? அப்பயிற்சி அவர் அம்பை நேராக்கியிருக்கக்கூடும்.

இதற்கு மறுபுறமும் இருக்கிறது. 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில், ஜப்பானியரின் கண் முன்னே, நெதர்லாந்தின் ஆன்டன் கேசிங்க், கமினாகாவை வீழ்த்தினார். இவர் ஜப்பானுக்கே சென்று பயின்றவர். வெற்றிக் களிப்பில் அவர் நாட்டவர் மேடையை நோக்கி ஓடி வந்தபோது, கேசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். தோற்றவர் இன்னும் எதிரே இருக்கிறார். வணக்கம் இன்னும் செய்யப்படவில்லை. பிடிகளை அவர் எங்கும் கற்றிருக்கலாம். அந்தக் கையை உயர்த்துவதை, தம்மைத் தோற்கடித்துத் தோற்கடித்துக் கற்பித்த மனிதர்களிடையே வாழ்ந்துதான் கற்றிருப்பார் என்று எண்ணுகிறோம்.

இப்போது அந்தத் தாயிடம் வருவோம். இங்கேதான் வழக்கு கடினமாகிறது. ஒக்கினாவாவில் ஊதியமின்றிக் கலை பயில்வதற்கு ஜப்பான் அரசு தனி வகை விசா தருகிறது. அதை வைத்துக்கொண்டு அங்கே பொருளீட்ட இயலாது. ஓராண்டு வருமானம் நிற்கும். மாடி வீட்டுப் பையன் சென்றபோது கடன் வாங்கித்தான் சென்றான். ஆனால் அக்கடன் டாலராகத் திரும்பும் என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கைக்குத்தான் நாம் மாலை போட்டோம், படிப்புக்கு அன்று. தாயைப் பிரிவது பாவம் என்றால் இருவருக்கும் பாவம். பணத்துக்காகப் பிரிந்தால் கடமை, கலைக்காகப் பிரிந்தால் தன்னலம் என்ற அளவுகோலை நமக்கு யார் கொடுத்தது? நற்செய்தியில் அப்படியொரு வரி இருப்பதாக நமக்கு நினைவில்லை.

அதற்காக அந்த அம்மையாரின் இன்சுலின் ஊசி தானாகப் போட்டுக்கொள்ளாது. மாணவர்க்கு உரிய இருபது முகங்களும் மாடியில் காத்திருக்கும். ஓராண்டு என்பது பத்து வயதுச் சிறுமிக்கு நீண்ட காலம். அவள் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவாள். எனவே ‘உன் அழைப்பைப் பின்பற்று’ என்று முழங்குவதும் நமக்கு எளிது. விலையைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். நாம் கேட்டிருக்க வேண்டியது வேறொன்று. அம்மாவின் கண் பரிசோதனைக்கு மாதந்தோறும் யார் அழைத்துச் செல்வது? தங்கையின் தேர்வுக் கட்டணம் எப்போது? மூன்று மாதமாகச் சுருக்க இயலுமா? மாடி வகுப்பை மூத்த மாணவி நடத்தும்போது கீழே யாராவது பெரியவர் இருக்க வேண்டுமா? இவற்றுள் இரண்டை நாமே ஏற்றிருக்கலாம். நமக்கு ஓய்வூதியமும் ஓய்வும் இருக்கின்றன; கண் மருத்துவமனையும் தொலைவில் இல்லை. அறிவுரை கூறியது, அந்தச் சுமையிலிருந்து நாம் தப்பிய வழி.

ஜப்பானியத் துணைத் தூதரகம் நம் வீட்டிலிருந்து எட்டிவிடும் தொலைவில், செனடாப் சாலையில்தான் இருக்கிறது. அந்த இளைஞர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்று தங்கை சொன்னாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் எப்போதும் போல வணங்குகிறார். நாமும் எப்போதும் போலத் தலையசைக்கிறோம். அடுத்த வகுப்பு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு. முழங்கால் வலி இருந்தாலும் அன்று மாடிக்கு ஏறிச் செல்வதென்று இருக்கிறோம். வகுப்பு முடியும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்து, பிறகு அவரிடம் கண் மருத்துவமனையின் தேதிகளைக் கேட்க வேண்டும்.