ஒரு விரற்கடை

சென்ற குளிர்காலத்தில், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கேயுள்ள ஆபிங்டன் என்னும் ஊரில், நண்பர் ஒருவருடைய பழைய காரைப் பார்ப்பதற்காக ஒரு சிறிய பட்டறைக்குப் போயிருந்தபோது, அந்தப் பட்டறைக்காரர் காரின் முன்புறத் தகட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்று, பிறகு கட்டைவிரலால் அதைத் துடைத்துவிட்டு, ஒரு விரற்கடை உள்ளே தள்ளி மறுபடியும் ஒரு கோடு போட்டார். நடந்தது இவ்வளவுதான். எனினும், துடைக்கப்பட்ட அந்த முதற்கோடு, உறக்கம் வராத இரவுகளில், காரணமில்லாமல் என் கண் முன்னே வந்து நிற்கிறது.

காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962 முதல் 1980 வரையில் அதே ஆபிங்டன் ஊரிலிருந்த தொழிற்சாலையிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் அதிகமாக வெளிவந்த எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார்களில் அது ஒன்று. நண்பர் அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு, ரோவர் கம்பெனியின் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்த ஆசைப்பட்டார். அலுமினியத்தால் ஆனதால், இரு மடங்கு பெரிதாயினும், எடையில் பழைய இரும்பு எஞ்சினை அது பெரிதும் மிஞ்சுவதில்லை. சங்கடம் எடையில் இல்லை, முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் தண்ணீர் பம்பில் இருந்தது. பம்புக்கு இடம் வேண்டுமானால் ரேடியேட்டர் முன்னே நகர வேண்டும். ரேடியேட்டர் நகர வேண்டுமானால், அதைத் தாங்கி நின்று, இரு பக்கத்து உட்சுவர்களையும் இணைக்கும் குறுக்குத் தகட்டை வெட்ட வேண்டும். இந்தக் காருக்குத் தனியாகச் சட்டம் என்று ஒன்று கிடையாது, உடலே சட்டம், ஆகையால் எந்தத் தகட்டை வெட்டினாலும் எலும்பை வெட்டுவது போலத்தான்.

கோடு போட்டு முடித்தபின் நண்பர் என் பக்கம் திரும்பி, "நீங்களாக இருந்தால் வெட்டுவீர்களா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "தாராளமாக வெட்டலாமே!" என்றேன். பட்டறைக்காரர் தலை நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொன்னதற்கு நியாயம் இல்லாமலும் இல்லை. கென் கோஸ்டெல்லோ என்னும் பந்தய வீரர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே எஞ்சினை இதே காரில் பொருத்தி விற்றார். அவரைப் பார்த்தோ என்னவோ, தொழிற்சாலையே 1973-இல், ரேடியேட்டரை முன்னே தள்ளி, இரண்டு மின்விசிறிகளை வைத்து, அத்தகைய கார்களைச் செய்யத் தொடங்கி, 1976 வரையில் 2,591 கார்களைச் செய்தது. பிற்காலத்தில் நான்கு சிலிண்டர் கார்களுக்கும் ரேடியேட்டர் முன்னேயே போயிற்று. எஜமானனே பின்னால் செய்யப்போகிற திருத்தத்தை முன்பிறந்த காரில் செய்வது எப்படிக் குற்றமாகும்? தொழிற்சாலை செய்தால் சிருஷ்டி, பட்டறை செய்தால் சிதைவு என்பது என்ன நியாயம்? இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடிப் பார்க்கிறேன். வாதம் ஜெயிக்கிறது, கோடு மட்டும் போக மாட்டேன் என்கிறது.

அந்தக் கோட்டை நினைக்கும்போதெல்லாம், காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது போடப்பட்ட இன்னொரு கோடு கூடவே வந்துவிடுகிறது. சித்தப்பா கல்யாணத்துக்கு வந்த இரும்பு பீரோ உள்ளறையின் நிலைக்குள் நுழையவில்லை. ஆசாரி வந்தார், காவி நனைத்த நூலை நிலையின் மேல் இழுத்துப் பிடித்துச் சுண்டினார், தேக்கில் சிவப்பாய் ஒரு கோடு விழுந்தது. உளியை எடுக்கிற சமயத்தில் அப்பத்தா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்று, "ஆசாரி, வெட்டுனா திரும்ப ஒட்டுமா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் நூலைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பீரோ கடைசிவரையில் பட்டாலையிலேயே நின்றது. சித்திக்கு அதில் வருத்தந்தான். கோட்டை ஒருவரும் அழிக்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கிறவர்கள் நிலையோரம் வந்ததும் மட்டையைத் தூக்கிக்கொள்வார்கள். அப்பத்தா போன பிறகு வீடு விலையாயிற்று, வாங்கியவர் இடித்தார், வெட்டுப்படாத அந்த நிலை முழுசாகப் பெயர்க்கப்பட்டு, பழம்பொருள் கடைக்குப் போய், அங்கிருந்து எங்கே போயிற்றோ தெரியாது. வெட்டாமல் காப்பாற்றியதால் நிலைக்கு நல்ல விலை கிடைத்தது என்று சித்தப்பா சொன்னார். அப்பத்தா காப்பாற்ற நினைத்தது அந்த விலையைத்தானா என்று கேட்க அவள் இல்லை.

ஜீர்ணோத்தாரணம் என்னும் திருப்பணி முறையைப் பற்றி எப்போதோ படித்தது பாதி நினைவில் இருக்கிறது. பழுதான சந்நிதியில் உளி படுவதற்கு முன்னால், மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயம் என்று ஒரு சிறு இடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, அதன் பிறகே கல்லைத் தொடுவார்கள். அந்த வேளையில் கல் வெறும் கல். காருக்குப் பாலாலயம் செய்வார் யார் என்று சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் 1988 முதல் இங்கிலாந்தில் பழைய அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி. காரின் முழு உடலையும் புதிதாக அடித்து விற்கிறார்கள். துருப்பிடித்த உடலை எறிந்துவிட்டு, எஞ்சினையும் காரின் எண்ணையும் புதிய உடலுக்கு மாற்றிக்கொண்டு, "இது அதே கார்தான்" என்று சொல்கிறவர்கள் அநேகர். அந்த எண்ணுக்குள் ஏதோ ஒன்றை ஆவாகனம் செய்துவிட்டதாகத்தானே அவர்கள் நம்புகிறார்கள்? உடல் முழுவதையும் மாற்றலாம், பாதகமில்லை. ஒரு தகட்டை வெட்டினால் மட்டும் மனம் உறுத்துகிறது. இந்த விநோதத்துக்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

பட்டறைக்காரர் கோட்டை ஒரு விரற்கடை உள்ளே ஏன் தள்ளினார்? பிறகு யோசித்ததில் ஒன்று ஞாபகம் வந்தது. முதற்கோடு போன வழியில், தகட்டையும் உட்சுவரையும் ஒட்டிய பொட்டு வெல்டிங்குகள், ஸ்விண்டனில் உடல் செய்தபோது வைத்தவை, அம்மைத் தழும்புகள் போல வரிசையாக இருந்தன. இரண்டாம் கோடு அவற்றைத் தொடாமல் போயிற்று. அந்த ஒரு விரற்கடைக்காக ரேடியேட்டரின் தாங்கிகளை அவர் மறுபடி செய்ய வேண்டியிருந்தது என்று நண்பர் பிறகு எழுதினார். பலம் குறையக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கலாம். முன்பிருந்த யாரோ ஒரு தொழிலாளியின் கைக்கு மரியாதையாகவும் இருக்கலாம். அல்லது முதற்கோடு வெறுமனே கோணலாக விழுந்திருக்கலாம். அப்போதே கேட்டிருந்தால் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

கார் இப்போது கொதிக்காமல் ஓடுகிறதாம். வெட்டியெடுத்த தகட்டை நண்பர் எறியாமல், செய்தித்தாளில் சுற்றிக் காரின் டிக்கியிலேயே வைத்திருக்கிறார்.