கூட்டத்தில் ஒருவர்

தாய்லாந்து வளைகுடாவிலுள்ள கோ பாங்கன் தீவின் ஹாட் ரின் கடற்கரையில், 1980களில் தொடங்கிய பௌர்ணமி ஆட்டம் விடிய விடிய நடைபெறுகிறது. மின்னிசை ஒலிபெருக்கிகள் அதிர, பல்லாயிரவர் கூடுவர். சிறு பிளாஸ்டிக் வாளிகளில் மது விற்கப்படும். எரியும் கயிற்றைத் தாண்டிக் குதிப்போரும் உண்டு. சென்று வந்த இளைஞர் ஒருவர், "நான் குடிக்கவில்லை, ஆடினேன், அவ்வளவே. இதில் என்ன குற்றம்?" என வினவினார்.

ஆடுதல் குற்றமன்று. இசையில் தன்னை மறத்தலையும் பழிக்க இயலாது. திருவிழாக் கூட்டங்களில் நாமும் அதனை அறிந்தவர்களே. ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்றுண்டு. விடியலில் அம்மணலில் கிடக்கும் கண்ணாடிச் சில்லுகள் அவர் எறிந்தவை அல்ல. ஆனால் அக்கூட்டம் அவரையும் சேர்த்தே கூட்டமாயிற்று. நுழைவுக் கட்டணம் செலுத்தியோருள் அவரும் ஒருவர்.

விசாக பூசை போன்ற பௌத்தப் புனித நாள் குறுக்கிட்டால் ஆட்டத்தை ஓரிரு நாள் தள்ளிவைக்கின்றனர். இதனை வெறும் சடங்கென நகைக்க எனக்கு மனமில்லை. அந்நாளில் அடங்கத் தெரிந்தவர்க்கு மறுநாள் அளவறியத் தெரியாதா என்பதே என் ஐயம். இளைஞர் இதற்கு விடை கூறவில்லை. அடுத்த முறை செருப்பணிந்து செல்வதாக மட்டும் சொன்னார்.