விதை தின்னும் மயிலை என்ன செய்வது?

 

இன்று மயிலைப் பற்றிப் பேசப் போகிறோம். ஜும்ஆவில் பேச வேறு விஷயம் இல்லையா என்று நினைக்காதீர்கள். சித்தன்னவாசல், அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை என்று இந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். கடலை போட்ட மறுநாள் விடிவதற்குள் மயில் கூட்டம் வந்து வரிசை பிடித்தாற்போல் விதையைக் கிளறித் தின்றுவிடும். நெல் பால் பிடிக்கும்போது கதிரை உருவும். தக்காளி, மிளகாயையும் விடாது. பெரிய பாறையையும் ஓவியத்தையும் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர் மயில் தோகை விரித்தால் செல்போனை எடுக்கிறார். பக்கத்து வயல்காரர் கல்லை எடுக்கிறார். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே மயிலைத்தான்.

கல்லோடு நின்றால் இந்தப் பேச்சுக்கே அவசியம் இல்லை. குருணை மருந்தை நெல்லில் பிசைந்து வரப்போரம் வைக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் மதுரை அருகே 40க்கும் மேற்பட்ட மயில்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். அதே மாதிரி சின்னச் சின்னதாக, செய்தியாகாமல் நடப்பவை எத்தனையோ. இதைச் செய்கிறவர்களில் தொழுகையாளிகளும் இருக்கலாம். அவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விதைக்கடலைக்குக் கடன் வாங்கியவர், போர்வெல்லுக்குக் கடன் வாங்கியவர். அவருக்கு ஒரு கேள்வி இருக்கிறது: என் உழைப்பைத் திருடும் பறவையைக் கொல்ல எனக்கு உரிமை இல்லையா? நியாயமான கேள்வி. அதற்கு மார்க்கத்திலிருந்து நேராகப் பதில் சொல்ல வேண்டும். "பாவம், வாயில்லா ஜீவன்" என்று சொல்லி முடித்துவிடக் கூடாது.

முதலில் ஒன்று. எந்த உயிரையும் கொல்லவே கூடாது என்று இஸ்லாம் சொல்லவில்லை. இதே சித்தன்னவாசல் குன்றின் மேல் ஏழடிப்பட்டத்தில், வழவழப்பாகச் செதுக்கிய கல் படுக்கைகளில் படுத்துத் தவம் செய்த சமணத் துறவிகளின் கொள்கை அதுதான். உட்காரும் இடத்தில் எறும்பு நசுங்கிவிடக் கூடாது என்று பீலியால் மெல்லக் கூட்டிவிட்டு உட்காருவது அவர்கள் வழக்கம். அந்தப் பீலி மயில் உதிர்த்த இறகால் கட்டியது. குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளமும் அதில் மீனும் பறவையும் யானையும் எருமையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். மதிக்க வேண்டிய ஒழுக்கம். ஆனால் நம் வழி வேறு. நாம் ஆடு அறுக்கிறோம், மீன் பிடிக்கிறோம், தேளைக் கண்டால் அடிக்கிறோம். ஆகவே கொல்லலாமா கூடாதா என்பதோடு நம் கேள்வி முடிவதில்லை. எதற்காக, எந்த அளவுக்கு, எப்படி என்பதில்தான் நம்மிடம் கணக்குக் கேட்கப்படும்.

உணவைப் பறிக்கும் பறவையைப் பற்றி நபிமொழி உண்டா? உண்டு. இஹ்ராமில் இருப்பவரும் கொல்லலாம் என்று அனுமதித்த ஐந்து பிராணிகளில் காகமும் பருந்தும் வருகின்றன. எலி, தேள், வெறிநாய் மற்றவை. புகாரியிலும் முஸ்லிமிலும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இது. "பார்த்தீர்களா, தொல்லை தந்தால் கொல்லலாம்" என்று ஒருவர் இதை எடுத்துக் காட்டக்கூடும். சரிதான், தொல்லை என்பது ஒரு காரணம் என்றே அறிஞர்களில் பலர் விளங்கியிருக்கிறார்கள். ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள்தான் வேறொன்றையும் சொன்னார்கள்: எல்லாவற்றிலும் நல்ல முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான், கொன்றாலும் நல்ல முறையில் கொல்லுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள் என்று. இது முஸ்லிமில் இருக்கிறது. கொல்ல அனுமதி கிடைத்தால் துடிக்க வைக்கவும் அனுமதி கிடைத்துவிட்டது என்று ஆகாது. குருணை மருந்து தின்ற மயில் எப்படிச் சாகிறது என்று பார்த்தவர் சொல்லட்டும், அது தீட்டிய கத்தியா என்று.

அடுத்தது அளவு. முன்னொரு நபியை ஓர் எறும்பு கடித்தது. அவர் எறும்புப் புற்றையே எரிக்கச் சொல்லிவிட்டார். உன்னைக் கடித்தது ஒன்றுதானே, துதி செய்யும் ஒரு சமுதாயத்தையே எரித்துவிட்டாயே என்று அல்லாஹ் அவரைக் கண்டித்தான் என்பது அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. கடித்த அந்த ஒன்றைப் பற்றிக் கண்டிப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். கடிக்காத மற்றவற்றைப் பற்றித்தான் கேள்வி.

வரப்பில் வைத்த விஷ நெல் யாரைத் தேர்ந்தெடுக்கிறது? உங்கள் கடலையைத் தின்ற மயிலையா? அதற்கு மயிலும் தெரியாது, புறாவும் தெரியாது, காடையும் தெரியாது. செத்த பறவையை இழுத்துத் தின்னும் நாய்க்கும் அது போகும். பக்கத்து வீட்டு அம்மா மேய விட்ட கோழிக்கும் போகும். பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயும் அப்படித்தான், மாட்டின் வாயைக் கிழிக்கிறது. திருட்டு மின்வேலியில் மனிதர்களே மாட்டி இறந்திருக்கிறார்கள். எறும்புப் புற்றை எரித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

நஸாஈயில் இன்னொரு ஹதீஸ் இருக்கிறது. ஒரு சிட்டுக்குருவியைக்கூட அதன் உரிமைக்கு மாறாகக் கொன்றவனிடம் அல்லாஹ் கேட்பான். அதன் உரிமை என்ன என்று தோழர்கள் கேட்டபோது, அறுத்து உண்பதுதான், தலையைத் துண்டித்து எறிந்துவிடுவது அல்ல என்று விளக்கினார்கள். மயிலை உண்ணலாமா என்பதில் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஹனஃபியில் கூடும், ஷாஃபிஈயில் கூடாது என்பதே பிரபலமான கருத்து. நம் நாட்டில் சட்டம் தடுத்துவிட்டதால் அந்த விவாதத்துக்கே வேலை இல்லை. ஆனால் விஷம் தின்று செத்த மயிலை எந்த மத்ஹபிலும் உண்ண முடியாது. அது எறிவதற்காகவே கொன்ற உயிர்.

அப்படியானால் விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? இல்லை. நம் ஃபிக்ஹு நூல்களில் "ஸாயில்" என்று ஒரு பாடம் உண்டு. உயிர் மீதோ பொருள் மீதோ பாய்கிறவனை, பாய்கிற மிருகத்தைத் தடுப்பது பற்றியது. தடுக்க உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்கிறார்கள். கூடவே வரிசையும் சொல்கிறார்கள்: சத்தம் போட்டால் போய்விடும் என்றால் அடிக்கக் கூடாது, கையால் தள்ளினால் போய்விடும் என்றால் கம்பு எடுக்கக் கூடாது. லேசானதில் தொடங்கு, அது பலிக்கவில்லை என்றால் அடுத்தது. தீங்கை நிறுத்துவதற்குத்தான் உங்களுக்கு உரிமை. கோபத்தைத் தீர்த்துக்கொள்ள இல்லை.

லேசானது பலிக்குமா என்று சந்தேகம் வரும். இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் கடற்புறா என்றால் நமக்கு மயில் மாதிரி. கையில் இருக்கும் சிப்ஸைப் பறித்துக்கொண்டு பறந்துவிடும். அங்கேயும் அடிக்கலாமா கொல்லலாமா என்று சண்டை நடக்கிறது, அங்கேயும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் ஒரு சோதனை செய்தார்கள். தரையில் சிப்ஸ் பையை வைத்துவிட்டு மனிதர் அந்தப் பறவையை நேராகப் பார்த்தபோது, அது நெருங்க சராசரியாக 21 விநாடி அதிகம் எடுத்துக்கொண்டது. பல பறவைகள் வரவே இல்லை. கல் இல்லை, கம்பு இல்லை, பார்வை மட்டும். காவல் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

காவலைப் பற்றி மார்க்கத்தில் தீர்ப்பே இருக்கிறது. பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்தில் புகுந்து நாசம் செய்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு, இரவில் கால்நடையைக் காப்பது அதன் சொந்தக்காரரின் பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அபூதாவூதில் இருக்கிறது. மயில் பகலில்தான் மேய்கிறது. விதைத்த முதல் பத்துப் பதினைந்து நாளும், கதிர் பிடிக்கும் நாளும் ஆள் இருக்க வேண்டும். நம் முன்னோர் பரண் போட்டுக் காத்தார்கள், தட்டை தட்டினார்கள், நாய் வளர்த்தார்கள். இன்றும் பழைய சேலையைச் சுற்றிக் கட்டுகிறோம், வலை போடுகிறோம், தகரம் தட்டுகிறோம். ஒன்றையே தினமும் செய்தால் மயில் பழகிவிடும், மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"ஆள் எங்கே கிடைக்கிறது? வலை விலை என்ன தெரியுமா?" இதுதான் உண்மையான சிக்கல். குர்ஆனில் அன்பியா அத்தியாயத்தில் தாவூத் (அலை), சுலைமான் (அலை) இருவரிடமும் வந்த வழக்கை நினைத்துப் பாருங்கள். ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் புகுந்து விளைநிலத்தை மேய்ந்துவிட்டன. விரிவுரையாளர்கள் சொல்கிறபடி, தாவூத் (அலை) அவர்கள் ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். சுலைமான் (அலை) அவர்கள் சொன்னது வேறு: பயிர் பழைய நிலைக்கு வரும்வரை ஆட்டின் பாலையும் ரோமத்தையும் நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும், ஆட்டுக்காரர் நிலத்தைச் சீராக்கித் தரட்டும். இரண்டு தீர்ப்பிலும் விவசாயியின் நஷ்டம் நஷ்டமாகவே ஏற்கப்பட்டது. "போனால் போகிறது, பொறுத்துக்கொள்" என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டைக் கொல்லுங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

மயிலுக்கு ஆட்டுக்காரர் யார்? 1963இல் தேசியப் பறவை என்று அறிவித்தது அரசு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்ததும் அரசு. பயிரைத் தின்றது என்பதற்காக மயிலைக் கொல்ல அந்தச் சட்டத்தில் வழியே இல்லை. கொன்றால் சிறை. குள்ளநரி குறைந்துபோனதும், கண்ட இடமெல்லாம் சீமைக்கருவேலம் மண்டி மயிலுக்கு ஒளிவிடம் ஆனதும் விவசாயி செய்த குற்றமா? ஆகவே மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். வனத்துறையிடம் மனு கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். நஷ்ட ஈடு கேட்பது பிச்சை இல்லை, சுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பு அது.

நிலம் இல்லாதவர்களிடமும் ஒரு வார்த்தை. ஒருவர் மரம் நட்டோ பயிரிட்டோ அதிலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ தின்றால் அது அவருக்கு தர்மமாக எழுதப்படும் என்ற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அனஸ் (ரலி) அறிவித்தது. நஷ்டப்பட்டவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஹதீஸைச் சொல்ல உங்களுக்கும் எனக்கும் ஒரு காசு செலவாகவில்லை. ஒரு ஏக்கர் வைத்திருப்பவரின் தர்மத்தில் மஹல்லா முழுவதும் பங்கு கேட்கலாமே. பைத்துல்மாலில் இருந்து இரண்டு செட் வலை வாங்கி, விதைக்கிற நாளில் ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்துக்கொள்ளக் கொடுத்தால் என்ன? பள்ளி விடுமுறையில் சும்மா திரியும் பையன்கள் காலையில் இரண்டு மணி நேரம் தகரம் தட்டினால் என்ன? ஆனால் பையன்களிடம் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். உயிருள்ள ஒன்றைக் கட்டிவைத்துக் குறி பார்த்து அடிப்பவர்களை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அப்படி அடித்துக்கொண்டிருந்த இளைஞர்களைப் பார்த்தபோது இதைத்தான் சொன்னார்கள். விரட்டுவது வேறு, கவண்கல்லால் குறி பார்த்துக் காலை ஒடிப்பது வேறு.

இதைப் படிக்கிற உங்களில் யாருடைய கொட்டகையிலாவது மருந்து பிசைந்த நெல் இருந்தால், ஜும்ஆ முடிந்த கையோடு போய் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வரப்பில் தூவியிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு பொறுக்குங்கள். கோழியும் நாயும் தோண்ட முடியாத ஆழத்தில், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளிப் புதையுங்கள். பக்கத்து வயல்காரரிடமும் சொல்லிவிடுங்கள், அவர் எந்த மதத்தவராக இருந்தாலும்.

யா அல்லாஹ்! விதைத்தவர்களின் விதையைக் காத்தருள்வாயாக. பருவத்தில் மழை தந்து, கடன்பட்டவர்களின் கடனைத் தீர்த்து வைப்பாயாக. ஆமீன்.