விருந்தாளி வீட்டுப்பிள்ளை ஆகும் நாள்

1

வெளிநாட்டு மாணவர்கள் சேலையூருக்குப் புதியவர்கள் அல்லர். ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. அதற்குக் கிடைத்த நிலம் சேலையூர்க் காடு. விடுதிகளுள் ஒன்றுக்கு இன்றும் ‘சேலையூர் ஹால்’ என்றுதான் பெயர். அடுத்த ஆண்டு டிசம்பரில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் மாநாடு அந்த வளாகத்தில் கூடியபோது பல நாட்டவர் வந்து தங்கினார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள டேவிட்சன் கல்லூரி, தன் மாணவர்களை ஒரு பருவம் இங்கே தங்கிப் படிக்க அனுப்பியது.

சேலையூரின் கேம்ப் ரோடு சந்திப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கும்போது ஒன்று தோன்றும். வளாகத்துக்குள் மரநிழல் உண்டு, நூலகம் உண்டு, நேரத்துக்குச் சாப்பாடு உண்டு. ஆனால் இந்த ஊர் மனிதர்கள் எப்படிக் கோபப்படுகிறார்கள், கோபம் தணியாமலே எப்படிச் சோறு போடுகிறார்கள் என்பதெல்லாம் ஒரு வீட்டுக்குள் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

2

வேற்று நாட்டுக் குடும்பத்தோடு வாழ்ந்து கற்பதை ஒரு முறையாக வளர்த்தவர்களில் அமெரிக்கரான டொனால்ட் வாட் முக்கியமானவர். ‘எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்’ என்ற அமைப்பை அவர் 1932இல் தொடங்கினார். நம் மதுரையில், அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ் வகுப்புகளுக்கு வரும் மாணவர்களும் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்குகிறார்கள். பகலில் இலக்கணம், மாலையில் அடுப்படிப் பேச்சு. வகுப்பில் பாடம் சொல்பவரை எல்லோரும் ஆசிரியர் என்கிறோம். அடுப்படியில் சொல்லித்தருபவரை அப்படி யாரும் அழைப்பதில்லை.

3

மார்கரெட் டிராவிக் 1970களின் நடுவில் ஆய்வு மாணவியாகத் தமிழ்நாடு வந்தார். மாணிக்கவாசகரின் திருக்கோவையாரை ஒரு தமிழறிஞரிடம் பாடம் கேட்டார். நானூறு பாடல்கள் கொண்ட அகநூல் அது. பாடம் சொன்னவரின் கூட்டுக் குடும்பத்தோடு பழகி வாழ்ந்தபோது, நூலில் தேடிய அன்பை அந்த வீட்டுக் கூடத்திலேயே கண்டார். தமிழ்க் குடும்பத்தின் அன்பைப் பற்றிய அவருடைய புத்தகம் 1990இல் வெளியானது.

அவர் கண்டவற்றுள் ஒன்று என்னை விடாமல் தொடர்கிறது. கூட்டுக் குடும்பத்தில் தாய் தன் பிள்ளையை எல்லோர் முன்னாலும் கொஞ்சுவதில்லை. கண் பட்டுவிடும் என்ற அச்சம் அவளுக்கு. தன் பிள்ளையைச் சற்றுத் தள்ளிவைத்து, ஓரகத்தியின் பிள்ளையை மடியில் இருத்திக்கொள்கிறாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பாசக் குறைவாகத் தெரியும். உள்ளே வாழ்பவருக்குத்தான் அது அடக்கி வைத்த அன்பு என்று புரியும். அங்கேயே உண்டு உறங்கிப் பழகியவருக்கே அந்தப் பார்வை வாய்க்கும்.

4

மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அத்தை வீட்டில் ஒரு வெளிநாட்டு மாணவி சில வாரம் தங்கியிருந்தாள். வந்த புதிதில் அவளுக்கு நாற்காலி, மின்விசிறிக்கு நேர் கீழே இடம், முதல் பந்தி. சாப்பிட்ட தட்டை எடுக்கப் போனால் நாலு பேர் ஓடிவந்து பிடுங்கினார்கள். அந்த மரியாதையே அவளைத் தனியாக உட்காரவைத்துவிட்டது.

ஒரு மாலை அத்தை முருங்கைக் கொத்தை அவள் முன் போட்டு, “இதை உருவிக் குடும்மா” என்றார். காம்பும் கீரையுமாக உருவித் தந்தாள். அத்தை சிரிக்கவில்லை. மறுபடி பொறுக்கச் சொன்னார். பிறகு ஒருநாள், “வெளக்கு வெச்ச நேரத்துல தலைய விரிச்சுப் போட்டுட்டு நிக்காத” என்று ஒரு அதட்டல். அந்த அதட்டலுக்குப் பிறகுதான் அவள் தயக்கமில்லாமல் ‘அத்தை’ என்று கூப்பிட்டாள். திட்டு வாங்கும் உரிமை வந்துவிட்டால் வீட்டில் இடம் கிடைத்துவிட்டது என்று பொருள்.

5

இப்படி ஒரு வீட்டில் தங்கிக் கற்பதில் யோசிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. நம் கிராமங்களில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். தங்கும் வீடு எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவின் கண்ணோடுதான் மாணவர் கிராமத்தைப் பார்க்கிறார். அந்த வீட்டின் அன்பு உண்மையானது. அந்த வீட்டார் நுழையாத தெரு ஒன்று இருப்பதும் உண்மை. அன்பாக நடத்தினார்கள் என்பதற்காக மற்றத் தெருவைப் பற்றிக் கேட்காமல் திரும்பினால், கற்றது பாதிதான்.

6

அமெரிக்கக் கல்லூரிகளின் ஒரு பருவம் ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. எங்கள் பக்கத்துச் சம்பாவும் ஆகஸ்ட் வாக்கில் நாற்றங்காலில் தொடங்குகிறது. ஆனால் அறுவடைக்குத் தை பிறக்க வேண்டும். நடவையும் களையெடுப்பையும், வடகிழக்குப் பருவமழையில் வரப்பு உடைவதையும் மாணவர் பார்க்கிறார். களத்துமேட்டில் நெல் குவியும்போது அவர் விமானம் ஏறி நாளாகியிருக்கும். அந்தக் குடும்பத்தின் கவலையைக் கூடவே சுமந்தவர் அதன் மகிழ்ச்சியைப் பார்க்காமலே போகிறார். படிப்புக்குக் கல்லூரி ஒரு நாள்காட்டி வைத்திருக்கிறது, பயிருக்கு மழை ஒன்று வைத்திருக்கிறது. கிராமத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் பொங்கல்வரை அங்கே இருக்கவிட்டால் கல்வி நிறைவுபெறும்.

7

குடும்பங்கள் இந்தக் கல்வியைத் தருவது பெயருக்காக அல்ல. ஆனாலும் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் பேராசிரியருக்கு நன்றி சொல்லும் கை, சோறு போட்டுத் திருத்தியவருக்கும் ஒரு வரி எழுதலாம். அதைத் தமிழில் எழுதி, அந்த வீட்டுக்கே அனுப்பிவைக்கலாம்.

உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு பிள்ளை வந்தால் முதல் நாள் உபசரியுங்கள். மறுநாளே கையில் ஒரு வேலை கொடுங்கள். தவறு செய்தால் திருத்துங்கள். இரண்டு தெருவுக்கும் கூட்டிப்போங்கள்.